தற்காப்புக்கு ஒரு சின்ன பிஸ்டல்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸில் குடியிருக்கும் தமிழ் நண்பர்கள் துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கும்போது என்னிடம் பேச வருவார்கள். நான் துப்பாக்கி விற்பவன் இல்லை, வக்கீலும் இல்லை. ரேஞ்சுக்கு ஒழுங்காகப் போய்ச் சுட்டுப் பழகுகிறவன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் வசதி. உதாரணத்துக்கு இரண்டு பிஸ்டல்களை எடுத்துக்கொள்கிறேன்: ஆஸ்திரிய நிறுவனமான க்ளாக்கின் 19, சிக் சாவரின் பி365. கடைக் கண்ணாடிக்குள் வரிசையாக இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவிலோ அருகிலோதான் வரும். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு, அதிலும் டெக்சஸுக்கு.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். பிஸ்டல் வாங்கலாமா?

முதலில் இதை முடித்துவிடுவோம், ஏனென்றால் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என்று குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். வாங்குவது மட்டுமல்ல, நண்பருடைய துப்பாக்கியை ரேஞ்சில் வாங்கிச் சுட்டாலும் அந்த நேரத்தில் அது உங்கள் கைவசம்தான் இருக்கிறது. 2022-க்குப் பிறகு இதற்கான அதிகபட்ச தண்டனை 15 ஆண்டுகள். தண்டனையைவிட, விசா போய்விடும் என்பதுதான் பலருக்கு உறைக்கும்.

விலக்கு இருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. பலர் அந்த வழியில் போகிறார்கள். ஆனால் உரிமத் தேதி முடிந்த மறுநாள் நீங்கள் மறுபடி தடைக்குள் வந்துவிடுவீர்கள், வீட்டில் இருக்கும் துப்பாக்கியோடு. இந்த வழியை யோசிப்பவர்கள் குடியேற்ற வக்கீலுக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அதில் கிரீன் கார்டில் உள்ள உங்கள் ஏ-நம்பரையும் கேட்பார்கள். கைத்துப்பாக்கியை உரிமம் பெற்ற கடையில் வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும். பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெயர்க் குழப்பம் இருந்தால் சில நாள் இழுக்கும். அப்பா பெயரையும் குடும்பப் பெயரையும் மாற்றி மாற்றி எழுதும் நமக்கு அந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகமாகவே வரும். கிரீன் கார்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் எழுதுங்கள்.

காம்பாக்ட் என்று எதைச் சொல்கிறார்கள்?

அதற்குச் சட்ட வரையறை எதுவும் இல்லை, கடைக்காரர்களின் வழக்குதான். 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட க்ளாக் 17-ஐ முழு அளவு என்பார்கள். அதன் குழலையும் கைப்பிடியையும் கொஞ்சம் குறைத்து 1988-இல் வந்தது 19. குழல் 102 மில்லிமீட்டர், உயரம் 128 மில்லிமீட்டர், கைப்பிடிக்குள் மாட்டும் தோட்டாக் கூடான மேகஸினில் 15 தோட்டா, காலி மேகஸினோடு எடை சுமார் 670 கிராம். காம்பாக்ட் என்றால் பலர் மனதில் வருவது இதுதான்.

பி365 2018-இல் வந்தது. குழல் 79 மில்லிமீட்டர், உயரம் சுமார் 109, எடை 500 கிராமை ஒட்டி. இவ்வளவு சின்ன உடம்பில் 10 தோட்டாவை அடக்கியது அப்போது பெரிய விஷயம். அதற்கு முன் அந்த அளவில் ஆறு, ஏழுதான் கிடைக்கும். அதைப் பார்த்து ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ் என்று ஒவ்வொன்றாக வந்தன. இந்த ரகத்துக்கு மைக்ரோ காம்பாக்ட் என்று பெயர்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ட்ரிகரை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா போகும். வெடிப்பின் உதைப்பில் ஸ்லைடும் (பிஸ்டலின் மேல்பாதியில் முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதி) குழலும் ஒன்றாகச் சில மில்லிமீட்டர் பின்னால் நகரும், அப்புறம் குழலின் பின்பக்கம் கீழே சாய்ந்து ஸ்லைடிலிருந்து விடுபடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் ஓடி, வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங் தள்ளத் திரும்பி வரும்போது மேகஸினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் தள்ளும். நூறு வருடத்துக்கும் முன்பு அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் செய்து காட்டிய ஏற்பாடு. இன்றைய க்ளாக்கும் சிக்கும் அதன் பேரப்பிள்ளைகள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சின்ன பிஸ்டலில் இத்தனை வேலையும் குறைந்த தூரத்தில், குறைந்த நேரத்தில் நடக்க வேண்டும். ஸ்லைடு லேசானது, ஓட்டம் குட்டை. அதனால் ஸ்பிரிங்கை இறுக்கமாக வைக்கிறார்கள். பிடி தளர்ந்தாலோ தோட்டா கொஞ்சம் மந்தமாக இருந்தாலோ பெரிய பிஸ்டல் பொறுத்துக்கொள்ளும், சின்னது முரண்டு பிடிக்கும்.

அப்படியானால் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதில்லையா?

கடையில் எல்லாரும் சின்னதைத்தான் கையில் எடுத்து "அட, எவ்வளவு அழகா அடங்குது" என்பார்கள். அடங்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு பிஸ்டலும் சுடுவது ஒரே 9 எம்எம் தோட்டாவை. 670 கிராம் தாங்கிக்கொள்கிற உதைப்பை 500 கிராம் உங்கள் உள்ளங்கைக்கு அனுப்பிவிடும். கைப்பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் கீழே தொங்கும். அந்த விரல் பிடியில் இல்லாவிட்டால் ஒவ்வொரு சூட்டுக்கும் பிஸ்டல் கைக்குள் நழுவும், அடுத்த சூட்டுக்கு முன் மறுபடி பிடியைச் சரி செய்ய வேண்டியிருக்கும். குழல் குட்டையாவதால், குறிபார்க்க மேலே வைத்திருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தூரமும் குறையும். குறிபார்ப்பதில் செய்யும் சின்னப் பிழைகூட இலக்கில் பெரிதாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. சுட வலிக்கிற துப்பாக்கியை யாரும் பழக எடுத்துப் போவதில்லை. மைக்ரோ காம்பாக்ட் வாங்கி, ஒரே ஒரு முறை ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு, உள்ளங்கையில் சிவந்த இடத்தைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். தற்காப்புக்கு என்று வாங்கியது, பழக்கமே இல்லாத ஒரு இரும்பாகக் கிடக்கும்.

என் கணக்கு இது: உங்கள் உடம்புக்கும் உடைக்கும் மறைக்க முடிகிறவற்றில் பெரியதை எடுங்கள். மறைக்கவே தேவையில்லை, வீட்டில் மட்டும்தான் என்றால் முழு அளவே எடுக்கலாம். கோடையில் டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக அலைகிறவர், ஒல்லியான உடம்பு, கட்டாயம் இடுப்பில் வைத்தாக வேண்டும் என்பவர்களுக்குத்தான் மைக்ரோ காம்பாக்ட். அவர்களும் கைப்பிடியைக் கொஞ்சம் நீட்டிய 12 தோட்டா மேகஸினைப் போட்டுப் பார்க்கட்டும், சுண்டுவிரலுக்கு இடம் கிடைத்துவிடும்.

கடையில் கையில் கொடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

கொடுப்பவர் மேகஸினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, காலி அறையைக் காட்டித்தான் கொடுக்க வேண்டும். அவர் பார்த்திருந்தாலும் நீங்களும் ஒரு முறை எட்டிப் பாருங்கள், இருட்டாக இருந்தால் விரல் நுனியை விட்டுத் தடவிப் பாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம். பார்க்காமல் வாங்குகிறவரைத்தான் கடைக்காரர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். குழல் முனை எப்போதும் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே நேராக இருக்கட்டும்.

அப்புறம் பிடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் உள்ள சவ்வு, கைப்பிடியின் பின்பக்க வளைவில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே ஏறி உட்கார வேண்டும். அப்படிப் பிடித்து கையை நீட்டினால் குழலும் முன்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். ட்ரிகரை எட்டுவதற்காக மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தால் அந்தப் பிஸ்டல் உங்கள் கைக்குப் பெரியது. ட்ரிகரில் விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள மெத்தைப் பகுதி படிவது நல்லது. க்ளாக்கின் புதிய தலைமுறைகளில் பின்பக்கம் மாட்டும் தகடுகளைப் பெட்டியோடு தருகிறார்கள். மாட்டிப் பார்த்தால்தான் எது பொருந்தும் என்று தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைச் சுவரை நோக்கி நீட்டி, கண்ணைத் திறந்து பாருங்கள். குறிகள் ஏறக்குறைய நேராக இருந்தால் நல்ல பொருத்தம். குழல் வானத்தைப் பார்த்தால் கைப்பிடியின் சாய்வு உங்களுக்கு ஒத்துவரவில்லை. பழகினால் சரியாகும், ஆனால் பழகத் தேவையில்லாத ஒன்று பக்கத்திலேயே இருக்கலாம்.

மேகஸினை விடுவிக்கும் பட்டனைப் பிடியை மாற்றாமல் கட்டைவிரலால் தொட முடிகிறதா, ஸ்லைடைப் பின்னால் பூட்டும் நெம்புகோலை எட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் மேகஸின் பட்டனைப் பக்கம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்; இப்போது வருவதில் பெரும்பாலும் முடியும்.

கடைசியாக, அனுமதி கேட்டுவிட்டு காலி பிஸ்டலின் ட்ரிகரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். க்ளாக்கில் சுமார் இரண்டரை கிலோ விசை வேண்டும். முதலில் லேசாக வரும், ஒரு இடத்தில் சுவர்போல நிற்கும், அதைத் தாண்டினால் உள்ளே தட்டும் சத்தம். முன்குறி அந்த நொடியில் ஆடாமல் இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டும் என்று யூடியூபில் பேசுவார்கள். தற்காப்புத் துப்பாக்கிக்கு அது தகுதியே இல்லை, பதற்றத்தில் கை வியர்த்திருக்கும்போது அதிக மென்மை ஆபத்து.

என் மனைவியால் ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை. ரிவால்வர் வாங்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் இது பலத்தைப் பொறுத்ததல்ல, முறையைப் பொறுத்தது. பிஸ்டலை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு கையால் ஸ்லைடை மேலிருந்து உள்ளங்கை முழுவதும் படிய இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் பிஸ்டலை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். ஸ்லைடை இழுப்பதைவிடப் பிஸ்டலைத் தள்ளுவது எளிது. இரண்டு விரலால் கிள்ளி இழுப்பவர்களுக்குத்தான் வராது. இதைச் செய்யும்போது குழல் பக்கவாட்டில் நிற்கிறவரைப் பார்த்துத் திரும்பிவிடும், அதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்.

அப்படியும் முடியாதவர்களுக்கு, மூட்டுவலி இருப்பவர்களுக்கு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈசி இருக்கிறது. பெயருக்கேற்ப ஸ்லைடு லேசாக வரும். .380 தோட்டாவில் 2018-இலும், 9 எம்எம்மில் 2020-இலும் வந்தது. கைப்பிடியின் பின்னால் ஒரு சேஃப்டி உண்டு, பிடியை அழுத்தினால்தான் சுடும்.

ரிவால்வரில் ஸ்லைடு கிடையாது என்பது உண்மை. ஆனால் இடுப்பில் வைக்கும் சின்ன ரிவால்வரில் ஐந்தே தோட்டா, ட்ரிகர் ஐந்து கிலோவுக்கும் மேல் கேட்கும், உதைப்பும் கடுமை. ஸ்லைடை இழுக்க முடியாதவர் அந்த ட்ரிகரை நேராக இழுத்துவிடுவார் என்று நினைப்பது சரியில்லை. அப்புறம் ஒன்று, துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது அதைச் சுடப்போகிறவரின் வேலை. "அவளுக்கு இது போதும்" என்று கணவர் ரோஸ் நிறத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

9 எம்எம் போதுமா? பெரிய தோட்டா வேண்டாமா?

போதும். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்பிஐ ஏஜென்ட்டுகள் மடக்கியபோது பெரிய துப்பாக்கிச் சண்டை நடந்தது. இரண்டு ஏஜென்ட்டுகள் இறந்தார்கள். கொள்ளையர்களில் ஒருவன் உடம்பில் ஆரம்பத்திலேயே பாய்ந்த ஒரு 9 எம்எம் குண்டு இதயத்தை எட்டும் முன் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். எஃப்பிஐ அதற்குப் பிறகு தோட்டாவைச் சோதிக்கும் முறையையே மாற்றியது. ஜெலட்டின் கட்டியில், துணி, மரம், கண்ணாடி எல்லாம் ஊடுருவிய பிறகும் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும். முதலில் 10 எம்எம், அப்புறம் 1990-இல் வந்த .40 என்று பெரிய தோட்டாக்களுக்குப் போனார்கள்.

ஆனால் அதே சோதனையை வைத்துத் தோட்டா நிறுவனங்கள் 9 எம்எம் ஹாலோ பாயின்ட் குண்டுகளை, அதாவது முனையில் குழி வைத்த குண்டுகளை, மேம்படுத்திவிட்டன. 2014-இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவே 9 எம்எம்முக்குத் திரும்பலாம் என்று எழுதியது: நல்ல குண்டு என்றால் பலனில் பெரிய வேறுபாடு இல்லை, உதைப்பு குறைவு, மேகஸினில் கூடுதல் தோட்டா, ஏஜென்ட்டுகள் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள். 2016-இல் க்ளாக்கையே தேர்ந்தெடுத்தார்கள், 19-ஐ ஒட்டிய 19எம் உட்பட.

பழக முழு உலோக உறை குண்டு, வீட்டில் வைக்க ஹாலோ பாயின்ட். ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பீர் கோல்ட் டாட் இரண்டும் பெயர் பெற்றவை. ஹாலோ பாயின்ட் என்றால் சுவரைத் தாண்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க வீட்டுச் சுவர் என்பது இரண்டு ஜிப்சம் பலகைதான், எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அதைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகும். பிள்ளைகள் எந்த அறையில் தூங்குகிறார்கள், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலில் வீட்டைச் சுற்றி நடந்து யோசித்து வையுங்கள்.

க்ளாக்கில் சேஃப்டி பட்டனே இல்லையே, பயமில்லையா?

கட்டைவிரலால் தள்ளும் பட்டன் இல்லை, ஆனால் உள்ளே மூன்று தடைகள் இருக்கின்றன. ட்ரிகரின் நடுவில் உள்ள சின்ன நெம்பு அழுத்தப்பட்டால்தான் ட்ரிகர் நகரும். ட்ரிகர் முழுவதும் பின்னால் வரும்வரை, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஸ்ட்ரைக்கர் ஊசியை ஒரு முளை மறித்து நிற்கும். கீழே விழுந்தால் ஊசி விடுபடாமல் இருக்க ஒரு ஏற்பாடு. ட்ரிகரை எதுவும் தொடாதவரை சுடாது. தொட்டால் சுடும், தொட்டது விரலா, சட்டையின் நுனியா, இழுவைக் கயிறா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ட்ரிகரை முழுவதுமாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இல்லாமல் இதை இடுப்பிலோ பையிலோ வைக்கவே கூடாது. ஹோல்ஸ்டருக்குள் திரும்ப வைக்கும்போது அவசரமே வேண்டாம், கண்ணால் பார்த்து வையுங்கள்.

இன்னொன்று: க்ளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றுவதற்கு முன் ட்ரிகரை இழுத்தாக வேண்டும். குழலின் அறையில் ஒரு தோட்டா மிச்சமிருப்பதை மறந்து இழுத்தவர்கள் உண்டு. மேகஸினை எடுத்துவிட்டால் காலி என்று அர்த்தமில்லை. முதலில் மேகஸின், அப்புறம் ஸ்லைடு, அப்புறம் கண்ணும் விரலும், அதுவும் வீட்டில் தோட்டா எதுவும் வைக்காத ஓர் அறையில் உட்கார்ந்து. இந்த வரிசை மாறவே கூடாது. மனது ஒப்பவில்லை என்றால் பட்டன் வைத்த மாடல் வாங்குங்கள், பி365-இலும் ஷீல்டிலும் உண்டு. ஆனால் பட்டன் இருந்தால் அதைத் தள்ளிவிட்டு எடுக்கும் பழக்கம் கைக்கு வரும்வரை பழக வேண்டும்.

எல்லா பிஸ்டலும் விழுந்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. சிக்கின் பி320, பி365-இலிருந்து வேறானது, குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் சுடுகிறது என்று தெரிந்ததும் 2017-இல் நிறுவனமே ட்ரிகரை இலவசமாக மாற்றித் தந்தது. வாங்கும் முன் அந்த மாடலுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாங்கும் முன், வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போய் நீங்கள் யோசிக்கும் இரண்டையும் அடுத்தடுத்து சுட்டுப் பாருங்கள். ஏழு கெஜ தூரத்தில் ஒரு காகிதம். முதலில் நிதானமாகப் பத்து, அப்புறம் சற்று வேகமாக ஐந்து. நிதானமாகச் சுட்டதில் இரண்டுக்கும் வேறுபாடு அதிகம் தெரியாது. வேகமாகச் சுட்ட ஐந்து, க்ளாக் 19-இல் உள்ளங்கைக்குள் அடங்கியதும் மைக்ரோ காம்பாக்டில் தட்டு அளவுக்குச் சிதறியதும் காகிதத்திலேயே தெரிந்துவிடும். விளம்பரம் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

போகும்போது கழுத்து மூடிய உடை போடுங்கள். வெளியே பறக்கும் வெற்றுக்கூடு சுடச்சுட இருக்கும், குர்தாவின் கழுத்துக்குள் ஒன்று விழுந்தால் துள்ளிக் குதிப்பது இயல்பு, அந்தத் துள்ளலில் துப்பாக்கி எங்கே திரும்பும் என்பதுதான் கவலை. 9 எம்எம் சத்தம் 160 டெசிபல் அளவுக்கு வரும். உள்ளரங்க ரேஞ்சில் காதுக்குள் நுரை அடைப்பானும் மேலே காது மூடியும் இரண்டும் போடுங்கள். வெளியே வந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எதையும் சாப்பிட வேண்டும், ஈயத் தூள் ஒட்டியிருக்கும்.

வாங்கிய பிறகு, பழகும் தோட்டா இருநூறு, வீட்டில் வைக்கப் போகும் ஹாலோ பாயின்ட் ஐம்பது அல்லது அதற்கு மேல் சுட்டுப் பாருங்கள். இரண்டாவது முக்கியம்: உருண்டை முனைக் குண்டை விழுங்கும் பிஸ்டல் வாய் திறந்த குண்டில் தடுக்கி நிற்கலாம். மேகஸின்களின் அடியில் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். சிக்கல் வந்தால் எந்த மேகஸினில் என்று குறித்துக்கொள்ளலாம். பல நேரம் குற்றவாளி பிஸ்டல் இல்லை, ஒரு மேகஸினின் உதடு (தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேல்விளிம்பு) வளைந்திருக்கும். மாட்டிக்கொண்ட வெற்றுக்கூடு புகைபோக்கி மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் உங்கள் மணிக்கட்டைச் சந்தேகியுங்கள். தளர்வாகப் பிடித்தால் ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. பயிற்சியாளர் கையில் அதே பிஸ்டல் ஒழுங்காக ஓடினால் தீர்ப்பு உங்கள் பிடிக்கு எதிராகத்தான்.

ரெட் டாட், லேசர், லைட் எல்லாம் வேண்டுமா?

வீட்டுக்கு ஒரு விளக்கு வேண்டும், ஏனென்றால் இருட்டில் நிற்பது திருடனா, கல்லூரியிலிருந்து சொல்லாமல் வந்த மகனா என்று தெரிய வேண்டும். கையில் பிடிக்கும் டார்ச்சே நல்லது. துப்பாக்கியில் மாட்டிய விளக்கால் தேடினால் தேடப்படுகிறவர் மேல் துப்பாக்கியை நீட்டுகிறீர்கள். ரெட் டாட், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி, நாற்பது தாண்டி முன்குறி மங்கலாகத் தெரிபவர்களுக்கு உண்மையில் உதவும். லேசருக்குச் செலவழிக்கும் பணத்தில் தோட்டா வாங்குங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

க்ளாக் 19-க்கும் பி365-க்கும் ஏறக்குறைய 500 முதல் 650 டாலர். அதோடு நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் கணக்கு தப்பும். நல்ல ஹோல்ஸ்டரும் கெட்டியான பெல்ட்டும் நூறு டாலருக்கு மேல், சீக்கிரம் திறக்கும் சின்னப் பெட்டகம் நூறு, இருநூறு, ஒரு நாள் பயிற்சி வகுப்பு, காது கண் பாதுகாப்பு, முதல் வருடத்துக்குத் தோட்டா. பிஸ்டலுக்கு ஆனதைப்போல் இன்னொரு மடங்கு எடுத்து வையுங்கள். பட்ஜெட் இடித்தால் பிஸ்டலில் குறைத்து வகுப்பில் போடுங்கள்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், கடை வழியாக. பார்க்கிங்கில் முன்பின் தெரியாதவரிடம் ரொக்கத்துக்கு வாங்கினால் அது எந்த வழக்கில் தேடப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. உள்பாகங்களை யாரும் நோண்டாமல் இருக்க வேண்டும். "ட்ரிகரை லேசாக்க உள்ளே வேலை செய்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

இடுப்பில் வைத்து வெளியே போகலாமா?

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துச் செல்லலாம். நான் இன்னமும் உரிமம் எடுக்கவே சொல்வேன். வகுப்பில் சட்டம் சொல்லித்தருவார்கள், உங்கள் உரிமத்தை ஏற்கும் மற்ற மாநிலங்களிலும் செல்லும். பள்ளிக்கூடம், தபால் நிலையம், மது விற்பனை பாதிக்கு மேல் உள்ள இடம் இங்கெல்லாம் கூடாது. தனியார் இடங்களில் 30.06, 30.07, 30.05 என்று எண் போட்ட பலகை வைத்துத் தடுக்கலாம், கோயில் வாசலிலும் பார்த்துவிட்டுப் போங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு அலுவலகம் போகிறவருக்கு நாளில் பாதி நேரம் துப்பாக்கி காரில்தான் இருக்கும். காரில் விட்ட துப்பாக்கிதான் திருடுபோகும். தினமும் எடுத்துப் போவது உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்துமா என்று இந்தக் கோணத்திலும் யோசியுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். வைக்கலாமா?

இதற்கு நான் உடனே ஆமாம் சொல்வதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மன அழுத்தத்தில் இருந்தால், குடும்பத்தில் கைநீட்டும் சண்டை இருந்தால், அங்கே பிஸ்டலின் தரம் பற்றிப் பேசவே இடமில்லை, வேண்டாம். நல்ல கதவுப் பூட்டு, வெளிவிளக்கு, அலாரம், ஒரு நாய் இவற்றால் ஆகிற காரியம் முதலில் ஆகட்டும்.

வைப்பதென்றால் பூட்டித்தான். அலமாரியின் உச்சி, புடவை அடுக்குக்கு அடியில், இதெல்லாம் பிள்ளைகளுக்கு எப்போதோ தெரியும். டெக்சஸில் கவனக்குறைவாக வைத்த, குண்டு போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்குப் போனாலே வைத்தவர்மேல் குற்றம். படுக்கைக்குப் பக்கத்தில் எண் அழுத்தித் திறக்கும் பெட்டகத்தை மரச்சட்டத்தில் திருகி முடுக்கி வையுங்கள். ரேகை வைத்துத் திறப்பது மருதாணி, எண்ணெய்க் கை, வியர்வைக்கெல்லாம் அடம்பிடிக்கும். எண் பட்டன்தான் எனக்குப் பிடித்தது. துணைவர் எச்-4 விசாவில் இருந்தால் எண் உங்களுக்கு மட்டுமே தெரிந்திருப்பது அவருக்கும் பாதுகாப்பு.

இந்தியாவுக்குத் திரும்பும்போது கொண்டு போகலாமா?

நினைக்கவே வேண்டாம். இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், 9 எம்எம் சாதாரணக் குடிமகனுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அங்கே உரிமத்தோடு வைக்க முடிகிற பிஸ்டல் பெரும்பாலும் .32தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. உரிமம் கேட்பவர் மாவட்ட ஆட்சியரிடமோ நகரக் காவல் ஆணையரிடமோ காரணம் சொல்லி நிரூபிக்க வேண்டும்.

துப்பாக்கியை விடுங்கள், ஒரே ஒரு தோட்டா பையின் ஓரத்தில் கிடந்தாலும் விமான நிலைய ஸ்கேனரில் மாட்டி வழக்காகிவிடும். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை ரேஞ்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் போகிற சாமான் அதில் ஏறவே கூடாது. ஜிப் வைத்த சின்ன அறைகளில்தான் தோட்டா உருண்டு போய் ஒளிந்துகொள்ளும்.